டாக்டர் டி.எஸ்.கனகா: மூளை அறுவைச் சிகிச்சையும் ரத்த தானமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாக்டர் கனகா யார்?

இந்தியாவின் முதல் பெண் மூளை நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர். முழுப்பெயர் தஞ்சாவூர் சந்தானகிருஷ்ண கனகா. 1932 மார்ச் 31 அன்று சென்னையில் பிறந்தார், 2018 நவம்பர் 14 அன்று காலமானார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1954 டிசம்பரில் எம்.பி.பி.எஸ். முடித்தார். 1963 மார்ச்சில் பொது அறுவையில் எம்.எஸ்., 1968 மார்ச்சில் நரம்பியல் அறுவையில் எம்.சிஎச். என்ற உயர்சிறப்புப் பட்டம், 1972-இல் பி.எச்டி. பெற்றார். 1990-இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார்.

எம்.பி.பி.எஸ்.ஸுக்கும் எம்.எஸ்.ஸுக்கும் நடுவில் எட்டு ஆண்டுகளுக்கும் மேல் இருப்பதைக் கவனியுங்கள். இடையில் 1962 சீனப் போர்க் காலத்தில் ராணுவத்தில் அதிகாரியாகவும் பணியாற்றியிருக்கிறார். பெண் டாக்டர் என்றால் பிரசவ வார்டு அல்லது குழந்தைகள் வார்டு என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்த காலம் அது. பொது அறுவையில் பட்டம் வாங்கிய பெண்களையே விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவர்தான் ஆசியாவின் முதல் பெண் மூளை அறுவை நிபுணரா?

பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்படுகிறது. ஆனால் துருக்கியைச் சேர்ந்த அய்சிமா அல்தனோக் அவருக்கு முன்பே, 1950-களின் முடிவில், இந்தத் துறைக்குள் வந்துவிட்டவர். துருக்கியை எந்தக் கண்டத்தில் வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பட்டம் இங்கும் அங்கும் நகரும். அதற்கும் முன்னால் பிரிட்டனில் டயானா பெக், ருமேனியாவில் சோஃபியா இயோனெஸ்கு இருந்தார்கள். ‘இந்தியாவின் முதல்’ என்பதில் சர்ச்சை இல்லை. ஆசியப் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களின் சங்கம் 1996-இல் அவரைக் கௌரவத் தலைவராக ஏற்றுக்கொண்டது.

யாருடன் வேலை செய்தார்?

தென்னிந்தியாவில் இந்தத் துறைக்கு இரண்டு ஊற்றுக்கண்கள். 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது ஒன்று. 1950-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில், அதாவது ஊர் வாயில் ‘பெரியாஸ்பத்திரி’யில், டாக்டர் பி.ராமமூர்த்தி தொடங்கியது மற்றொன்று. அடுத்த ஆண்டே இவர்கள் இருவரும் டாக்டர் எஸ்.டி.நரசிம்மன், டாக்டர் பல்தேவ் சிங் ஆகியோரும் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை ஆரம்பித்தார்கள்.

கனகா வளர்ந்தது ராமமூர்த்தியின் பிரிவில். அங்கே ராமமூர்த்தி, வி.பாலசுப்பிரமணியம், எஸ்.கல்யாணராமன், கனகா ஆகிய நால்வரும் ஸ்டீரியோடாக்டிக் அறுவையில் இறங்கினார்கள். உலக மாநாடுகளில் மெட்ராஸ் என்ற பெயர் அடிபட்டது இந்த வேலையால்தான்.

ஸ்டீரியோடாக்டிக் அறுவை என்றால் என்ன?

மண்டையோட்டைப் பெரிதாகத் திறக்காமல், ஒரு சிறு துளை வழியாக மெல்லிய கம்பியை மூளையின் ஆழத்தில் குறித்த புள்ளிக்குக் கொண்டுபோவது. தலையில் ஓர் உலோகச் சட்டத்தைத் திருகி இறுக்குவார்கள். அந்தச் சட்டத்தில் முப்பரிமாண அளவுகோல்கள் இருக்கும்: இடம்–வலம், முன்–பின், மேல்–கீழ். மூன்று எண்கள் தெரிந்தால் புள்ளி கிடைத்துவிடும். விலங்குகளுக்கான கருவியை 1908-இல் லண்டனில் ஹார்ஸ்லியும் கிளார்க்கும் விவரித்தார்கள். மனிதருக்கு 1947-இல் அமெரிக்காவில் ஸ்பீகலும் வைசிஸும் பயன்படுத்தினார்கள்.

அந்தக் காலத்தில் சி.டி. ஸ்கேன்கூட இல்லையே, இலக்கை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

சி.டி. ஸ்கேனில் முதல் நோயாளி படமெடுக்கப்பட்டதே 1971-இல், லண்டனில். அதற்கு முன் எல்லாமே எக்ஸ்ரே படத்தின் மேல் பென்சிலும் ஸ்கேலும் வைத்துப் போட்ட கணக்கு. மூளைத்திசு எக்ஸ்ரேயில் தெரியாது. அதன் உள்ளே இருக்கும் நீரறைகளைத் தெரிய வைக்க முடியும். கைநடுக்கத்துக்காக, மூளையின் ஆழத்தில் இருக்கும் தலாமஸ் என்ற பகுதியில் செய்யும் அறுவையை எடுத்துக்கொண்டால் வரிசை ஏறத்தாழ இப்படி இருக்கும்:

1. மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டுத் தலையில் சட்டத்தைப் பொருத்துவது. சட்டம் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டால் பின்னால் வரும் எல்லா அளவும் சாய்ந்துதான் வரும்.
2. மண்டையோட்டில் சிறு துளை போட்டு, நீரறைக்குள் காற்றோ அயோடின் கலந்த எக்ஸ்ரே மருந்தோ செலுத்துவது. காற்று என்றால் கடுமையான தலைவலியும் வாந்தியும் நிச்சயம்.
3. நேரெதிராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என எக்ஸ்ரே எடுப்பது. மூளையின் நடுவில் உள்ள மூன்றாம் நீரறையின் முன்விளிம்பில் முன் இணைப்பும் பின்விளிம்பில் பின் இணைப்பும் (மூளையின் இரண்டு பாதிகளை இணைக்கும் நரம்பு இழைக் கற்றைகள்) அடையாளம் தெரியும். இரண்டையும் சேர்த்து ஒரு கோடு. அதன் நீளம் பெரும்பாலானவர்களுக்கு 25 மி.மீ. அளவில் இருக்கும்.
4. எக்ஸ்ரே எதையும் பெரிதாக்கித்தான் காட்டும். 10 சதவீதம் பெரிதானால் 25 மி.மீ. கோடு படத்தில் 27.5 மி.மீ. ஆகத் தெரியும். சட்டத்தின் அளவுகோலும் அதே படத்தில் விழுந்திருப்பதால், அதை வைத்து இதைச் சுருக்கிக் கணக்கிட வேண்டும். எக்ஸ்ரே குழாயைத் தலையிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்தால் இந்தப் பிழை குறையும்.
5. இலக்கு: பின் இணைப்புக்கு 5–6 மி.மீ. முன்னால், அந்தக் கோட்டின் மட்டத்திலேயே, நடுக்கோட்டிலிருந்து சுமார் 14 மி.மீ. பக்கவாட்டில். மூன்றாம் நீரறை விரிந்திருக்கும் முதியவர்களுக்கு நடுக்கோட்டை நம்பாமல் அறைச் சுவரிலிருந்து 11 மி.மீ. என்று அளப்பார்கள்.
6. மெல்லிய கம்பியான மின்முனையை இறக்கி, சுடுவதற்கு முன் சிறிய மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது.
7. இடம் சரி என்றால் முதலில் 42–45 டிகிரி செல்சியஸ். இந்தச் சூட்டில் ஏற்படும் விளைவு தற்காலிகமானது, நிறுத்தினால் திசு மீண்டுவிடும். கை கால் பலம் குறையவில்லை, பேச்சு குழறவில்லை என்று உறுதியானபின் 70–75 டிகிரியில் சுமார் ஒரு நிமிடம். சில மி.மீ. அகலத்துக்குத் திசு வெந்து செயலிழக்கும்.

ஆறாவது படிதான் உயிர். எக்ஸ்ரே கணக்கு சராசரி மூளைக்கானது. மேஜையில் படுத்திருப்பவரின் மூளை சராசரியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

நோயாளியை மயக்காமல் செய்வது ஏன்?

அவர்தான் வழிகாட்டி. மின்சாரம் கொடுத்ததும் கைநடுக்கம் நின்றால் இடம் சரி. விரலிலோ உதட்டிலோ குறுகுறுப்பு வந்து அது விலகவே இல்லை என்றால் முனை பின்னால் தள்ளி, தொடுவுணர்வுப் பகுதியில் இருக்கிறது. கையோ முகமோ இழுத்துப் பிடித்தால் முனை பக்கவாட்டில் அதிகம் போய், இயக்க நரம்புகள் செல்லும் உள்ளுறைக்குப் பக்கத்தில் நிற்கிறது. அந்த இடத்தில் சுட்டால் பக்கவாதம். மூளைத்திசுவுக்கு வலி தெரியாது. தோலும் மண்டையோட்டின் மேலுறையும்தான் வலிக்கும், அதற்கு மரப்பு ஊசி போதும். நோயாளியை எண்ணச் சொல்வார்கள், காகிதத்தில் சுருள் வரையச் சொல்வார்கள். நடுங்கி நடுங்கிப் போன கோடு இரண்டாவது சுருளில் வழவழவென்று வருவதை மேஜையிலேயே பார்த்துவிடலாம்.

சின்னக் குழந்தைக்கும், உடம்பு தொடர்ந்து முறுக்கிக்கொள்ளும் நோயாளிக்கும் இது சாத்தியமில்லை. அவர்களுக்கு மயக்கம் கொடுத்தே ஆக வேண்டும், ஆகவே இந்த எச்சரிக்கைமணியும் கிடையாது. கனகா அதிகம் உழைத்தது இந்தக் கடினமான பக்கத்தில்தான் என்பதை அவரைப் பற்றி எழுதுபவர்கள் பல நேரம் விட்டுவிடுகிறார்கள்.

எங்கே தவறு நேரும்?

பெரிய பயம் ரத்தக்கசிவு. நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு நேரலாம் என்று சொல்லித்தான் சம்மதம் வாங்குவார்கள். ஆஸ்பிரினை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வதும், அறுவை முடியும்வரை ரத்த அழுத்தத்தை ஏறவிடாமல் பிடித்து வைப்பதும் இதற்காகத்தான். சூடு 100 டிகிரியைத் தொட்டால் திசுவுக்குள் நீராவி கிளம்பும், கருகிய திசு கம்பியில் ஒட்டிக்கொள்ளும், கம்பியை வெளியே இழுக்கும்போது ரத்தக்குழாயும் சேர்ந்து கிழியும்.

இன்னொன்று பேச்சு. ஒரு பக்கத் தலாமஸில் மட்டும் செய்தால் பெரும்பாலும் தாங்கும். இரண்டு பக்கமும் செய்தால் நாக்குக் குழறும், விழுங்குவது சிரமமாகும் ஆபத்து வெகுவாகக் கூடும். இரண்டு கையும் நடுங்குபவருக்கு எந்தக் கையை முதலில் சரிசெய்வது என்று கேட்டால், அவர் எழுதவும் சாப்பிடவும் பயன்படுத்தும் கையைத்தான்.

பெருமூளை வாதக் குழந்தைகளுக்கு இந்த அறுவை எப்படி உதவியது?

கனகாவின் பி.எச்டி. ஆய்வே இதைப் பற்றியதுதான். பெருமூளை வாதம் என்பது பிறப்பை ஒட்டிய காலத்தில் வளரும் மூளைக்கு ஏற்படும் சேதம். சிலருக்குத் தசை விறைப்பு, சிலருக்குத் தானாக முறுக்கும் அசைவுகள், பலருக்கு இரண்டும் உண்டு. தலாமஸிலோ, சிறுமூளைக்குள் இருக்கும் பல்லுரு உட்கருவிலோ சிறு புண் ஏற்படுத்தினால் விறைப்பும் முறுக்கலும் தளரும்.

இது எதற்கு என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். குழந்தை எழுந்து நடந்துவிடும் என்பதற்காக அல்ல. கத்தரிக்கோல்போல் பின்னிக்கொள்ளும் இரண்டு தொடைகளைப் பிரித்துத் துணி மாற்ற முடிந்தால், பல் கிட்டிக்கொள்ளாமல் சோறு ஊட்ட முடிந்தால், இயன்முறைப் பயிற்சியாளர் காலை நீட்ட முடிந்தால் தாயின் ஒரு நாள் மாறிவிடும். பயிற்சி தொடராவிட்டால் அறுவையின் பலன் வீண். சிறுமூளை அறுவையின் பலன் பலருக்குக் காலப்போக்கில் தேய்ந்தும் போனது. அதனால் உலகெங்கும் அது பெரும்பாலும் கைவிடப்பட்டது.

இன்று முதலில் வருபவை விறைப்பைத் தளர்த்தும் பேக்லோஃபென் மாத்திரை, தசைக்குள் போடும் போட்யூலினம் ஊசி, கால் விறைப்புக்கு முதுகுத்தண்டில் சில உணர்வு நரம்பு இழைகளைத் தேர்ந்து வெட்டும் அறுவை, தண்டுவட நீருக்குள் மருந்து சொட்டும் பம்ப் ஆகியவை. முறுக்கல் மிகுந்தால் மின்முனைச் சிகிச்சையும் உண்டு.

மூளைக்குள் நிரந்தர மின்முனை வைத்ததில் அவர் முன்னோடியா?

ஆம். மூளைக்குள் நீண்ட காலம் தங்கும் மின்முனைகளை இந்தியாவில் முதலில் பொருத்தியவர் அவர், ஆண்டு 1975. பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் பெனாபிட் குழு உயர் அதிர்வெண் தூண்டலால் நடுக்கத்தை அடக்கிக் காட்டி, இன்றைய ஆழ்மூளைத் தூண்டல் பரவியது 1987-க்குப் பிறகுதான்.

இன்றைய கருவிக்கு மூன்று பாகங்கள். 1.27 மி.மீ. தடிமனில், பொதுவாக நான்கு தொடுமுனைகள் கொண்ட மின்முனை. காதுக்குப் பின்னால் தோலடியில் இறங்கும் நீட்சிக் கம்பி. காறை எலும்புக்குக் கீழே புதைக்கப்படும் பேட்டரியுடன் கூடிய தூண்டி. நடுக்கத்துக்கு விநாடிக்கு 130 மின்துடிப்பு (130 ஹெர்ட்ஸ்), ஒவ்வொரு துடிப்பும் 60 மைக்ரோ விநாடி என்று தொடங்கி, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். கெடுவதும் பாகம் பாகமாகத்தான்: தோலடியில் கிருமித்தொற்று, கழுத்து அசைவில் கம்பி முறிவு, மின்முனை இடம் பெயர்வது, சில ஆண்டுகளில் பேட்டரி தீர்வது.

அப்படியானால் பழைய சுடும் முறை செத்துவிட்டதா?

இல்லை. கருவிக்குப் பல லட்சம் ரூபாய், அப்புறம் பேட்டரி மாற்றம், அடிக்கடி வந்து அளவு சரிபார்ப்பது என்று செலவு முடிவதே இல்லை. சுட்ட புண்ணுக்குப் பேட்டரி வேண்டாம், கம்பி முறியாது. பின்னர் அளவை மாற்றிக்கொள்ளவோ திரும்பப் பெறவோ முடியாது என்பது அதன் குறை. தொலைவூரிலிருந்து வருகிற, மறுபரிசோதனைக்குத் திரும்ப வரவே முடியாத, ஒரு பக்க நடுக்கமுள்ள கூலித்தொழிலாளிக்கு எது பொருத்தம் என்று யோசித்துப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் வளர்ந்த மெட்ராஸ் குழு இந்தக் கணக்கை நன்றாக அறிந்திருந்தது. மண்டையைத் துளைக்காமல் எம்.ஆர்.ஐ. பார்த்துக்கொண்டே ஒலியலையைக் குவித்துச் சுடும் இன்றைய முறையும் அதே தலாமஸ் இலக்கையே சுடுகிறது.

1960-களின் கடைசியில் லெவோடோபா மருந்து வந்ததும், கைநடுக்கமும் விறைப்பும் தரும் பார்க்கின்சன் நோய்க்கான அறுவைகள் மளமளவென்று குறைந்தன என்பதும் உண்மை. மருந்தின் பக்கவிளைவுகள் தெரியத் தெரிய, அறுவை திரும்பி வந்தது.

மனநோய்க்கும் மூளையில் அறுவை செய்தார்களாமே?

செய்தார்கள். கட்டுக்கடங்காத மூர்க்கத்துக்கு, உணர்ச்சிகளோடு தொடர்புடைய ஹைபோதலாமஸ், அமிக்டலா என்ற மூளைப் பகுதிகளிலும், போதைப் பழக்கத்துக்கு சிங்குலம் என்ற நரம்பு இழைக் கற்றையிலும் மெட்ராஸ் குழு புண் ஏற்படுத்தியது. இந்த வகை அறுவையை ‘அமைதிப்படுத்தும் அறுவை’ என்று அந்தக் குழு அழைத்தது. புகழுரைகளில் இதை ஒதுக்கிவிடுவது சரியில்லை. சம்மதம் சொல்ல முடியாத ஒருவரின் நடத்தையை, மற்றவர் வசதிக்காக, மீள முடியாத வகையில் மாற்றலாமா என்ற கேள்வி அன்றே உலகெங்கும் எழுந்தது, இன்றும் அது நியாயமான கேள்விதான். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 96-ஆவது பிரிவுப்படி, நோயாளியே விவரம் தெரிந்து சம்மதிக்க வேண்டும், உரிய மனநல வாரியமும் ஒப்புதல் தர வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் மனநோய்க்கான மூளை அறுவை கூடாது.

அவருடைய தொண்டுப் பணி என்ன?

ஓய்வுக்குப் பின் பெற்றோர் பெயரில் ஸ்ரீ சந்தானகிருஷ்ண பத்மாவதி சுகாதார, ஆராய்ச்சி அறக்கட்டளையைச் சொந்தப் பணத்தில் சென்னையில் அமைத்து, வசதியற்றவர்களுக்கு மருத்துவம் பார்த்தார். மூளை நோய்களில் அறுவை ஒரு நாள் வேலை. வலிப்பு மாத்திரை, பயிற்சி, படுக்கைப்புண் கவனிப்பு எல்லாம் ஆண்டுக்கணக்கான வேலை. பணமில்லாத குடும்பம் கைவிடுவது இந்த இரண்டாம் பகுதியைத்தான். ஒரு வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், விடாமல் தொடரும் வலிப்பில் நோயாளி மீண்டும் அவசர சிகிச்சைக்கு வந்து நிற்பார்.

139 முறை ரத்தம் கொடுத்தார் என்பது உண்மையா?

ஆம். தனிநபராக அதிக முறை ரத்த தானம் செய்ததற்காக லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றார். 2004 வரை 139 முறை என்பது கணக்கு. ஒரு முறைக்கு 350 மி.லி. என்று வைத்தாலும் 48 லிட்டருக்கு மேல். வளர்ந்த ஒருவர் உடம்பில் ஓடுவது சுமார் 5 லிட்டர். பெண்களுக்கு இன்றுள்ள 120 நாள் இடைவெளிப்படி ஆண்டுக்கு மூன்று முறைதான் கொடுக்கலாம். அந்த வேகத்தில் 139-ஐ எட்ட 46 ஆண்டுகள் ஆகும்.

பெண்களுக்கு ஏன் 120 நாள்?

இரும்புச்சத்துக் கணக்கு. 100 மி.லி.க்கு 12.5 கிராம் ஹீமோகுளோபின் உள்ள ரத்தத்தில் 350 மி.லி. போனால் ஏறத்தாழ 150 மி.கி. இரும்பு போகிறது. உணவிலிருந்து உடல் ஒரு நாளைக்கு உறிஞ்சுவது 1–2 மி.கி.தான், அதிலும் அன்றாட இழப்பு உண்டு. மாதவிடாயும் சேர்ந்தால் இருப்பு நிரம்ப நாளாகும். ஆண்களுக்கு இடைவெளி 90 நாள்.

நான் கொடுக்கலாமா?

இந்திய விதிகளின்படி வயது 18 முதல் 65. முதன்முறை கொடுப்பவர் 60-க்குள் இருக்க வேண்டும். எடை குறைந்தது 45 கிலோ, 450 மி.லி. எடுக்க 55 கிலோவுக்கு மேல் வேண்டும். ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையக் கூடாது. மேல் ரத்த அழுத்தம் 100–140, கீழ் அழுத்தம் 60–90, நாடித்துடிப்பு 60–100. காய்ச்சல் கூடாது. பச்சை குத்தியிருந்தால் 12 மாதம் பொறுக்க வேண்டும். 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பதும் வாங்குவதும் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது.

வெறும் வயிற்றில் போகாதீர்கள், நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டிருக்க வேண்டும். அரை மணி முன்னால் அரை லிட்டர் தண்ணீர் குடித்தால் மயக்கம் வருவது குறையும்.

கொடுக்கும்போது என்ன கோளாறு வரும்?

அதிகம் வருவது தலைசுற்றல், முதன்முறை கொடுப்பவர்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும். முகம் வெளிறி, வியர்த்து, கொட்டாவி விடுவதுதான் முதல் அறிகுறி. உடனே ஊசியை எடுத்துவிட்டுத் தலையைத் தாழ்த்திக் காலைத் தூக்கிவைக்க வேண்டும். முழு நினைவு திரும்பும்வரை வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. பலர் விழுவது படுக்கையில் அல்ல, எழுந்து கழிவறைக்கு நடக்கும்போது. ஆகவே 15 நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.

ஊசி எடுத்ததும் முழங்கையை மடக்கிக்கொள்வது நம் பழக்கம். அப்படிச் செய்தால் ரத்தம் தோலடியில் கசிந்து நீலம் பாரிக்கும். கையை நீட்டியபடி பஞ்சை அழுத்திப் பிடியுங்கள்.

பை நிரம்பச் சாதாரணமாக 5–10 நிமிடம். 15 நிமிடத்துக்கு மேல் இழுத்தால் உறைதல் தொடங்கியிருக்கும், அந்தப் பையிலிருந்து, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைப் பிரிக்க முடியாது. சரியாக எடுத்த சிவப்பணு, உறையாமல் காக்கும் சாதாரணத் திரவத்தில், 2–6 டிகிரியில் 35 நாள் வரை தாங்கும். தட்டணு அறை வெப்பத்தில் ஆட்டிக்கொண்டே வைத்தாலும் 5 நாள்தான். மூளை அறுவைக்குத் தட்டணு குறைந்தால் கத்தி வைக்கவே முடியாது என்பதால், முகாம் நடக்காத வாரங்களில் முதலில் தட்டுப்பாடு தெரிவது இங்கேதான்.

இன்று ஒரு பெண் இந்தத் துறைக்கு வர எத்தனை ஆண்டு ஆகும்?

பிளஸ் டூவுக்குப் பின் நீட் எழுதி எம்.பி.பி.எஸ்., பயிற்சி மருத்துவம் சேர்த்து ஐந்தரை ஆண்டு. பிறகு முதுநிலை நீட், பொது அறுவையில் எம்.எஸ். மூன்று ஆண்டு. அதற்குப் பின் உயர்சிறப்பு நீட், எம்.சிஎச். மூன்று ஆண்டு. இடையில் தேர்வுக்குப் போகும் மாதங்களைச் சேர்க்காமலே பதினொன்றரை ஆண்டு. சில மத்திய நிறுவனங்களில் எம்.பி.பி.எஸ். முடித்தவுடனே நேரடியாகச் சேரும் ஆறாண்டு எம்.சிஎச். படிப்பும் உண்டு, தனித்தனியாக இரண்டு நுழைவுத் தேர்வு எழுத வேண்டாம் என்பது அதில் லாபம், நடுவில் மனம் மாறினால் கையில் எம்.எஸ். பட்டம் இருக்காது என்பது நஷ்டம்.